சீட்டுக்கு அடியில்

என் பெரியம்மா மகன் யாருடைய காரிலும் நேராக ஏறி உட்காரமாட்டார். கதவைத் திறந்ததும் குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒருமுறை துழாவுவார். அப்புறம்தான் ஏறுவார். கல்யாணத்துக்குப் பேசிய வாடகைக் கார், மாமாவின் பழைய புரோட்டோன் சாகா, எதுவாக இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை கிராப் டிரைவர் திரும்பிப் பார்த்து, "அப்பா ஹிலாங், பாங்?" என்று கேட்டார். "ஒன்னும் தொலையல" என்று அண்ணன் தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கல்யாணமாகி வந்த அண்ணிகூட முதல் மாதம் கேட்டதோடு விட்டுவிட்டார்.

2009-இல் எனக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. சுங்கை பட்டாணியில் ஒரு டயர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஃபுட்சால் விளையாடிவிட்டு, கூட்டாளியின் கூட்டாளி ஒருவன் ஓட்டிவந்த காரில் நான்கு பேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ரோட்புளோக். முன்சீட்டுக்கு அடியில், குளிக்கிற துண்டில் சுற்றி ஒரு நாட்டுக் கைத்துப்பாக்கி இருந்தது. உள்ளே ஒரே ஒரு தோட்டா. நான்கு பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். பதினான்கு நாள் லோக்காப்புக்குப் பிறகு, 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (தண்டனை அதிகரிப்பு) சட்டத்தின் எட்டாவது பிரிவில் குற்றஞ்சாட்டினார்கள். பதினான்கு ஆண்டுவரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. ஜாமீன் கிடையாது. பெரியம்மா தாலிக்கொடியை அடகு வைத்து ஜாமீன் பணத்தோடு கோர்ட்டுக்குப் போய், அப்படி ஒன்று இந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். அந்தப் பணத்தை அப்படியே வக்கீலிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்தார்.

பதினோரு மாதம் கழித்து, ஓட்டிவந்தவன் அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதால் மற்ற மூவரையும் விடுவித்தார்கள். அண்ணன் வெளியே வந்தபோது ரொம்பவே மெலிந்திருந்தார். 'பாவம், புள்ளைக்கு ஒன்னுமே தெரியாது' என்றுதான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கதை ஓடுகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அதைப் பற்றி யோசித்ததில்லை என்பது சரியாக இருக்கும்.

யோசிக்க வைத்தது அரிசோனா.

நிபோங் திபாலில் பொறியியல் முடித்துவிட்டு கூலிமில் ஒரு செமிகண்டக்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். 2023 ஆகஸ்டில், புது இயந்திரம் ஒன்றைப் பழகுவதற்காக மூன்று மாதம் அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லருக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஐம்பத்தெட்டு வயது டெக்னீஷியன். பெயர் வேண்டாம், மூத்தவர் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் கழித்து, "சான் டியாகோவில் மகள் வீட்டுக்குப் போகிறேன், கடல் பார்க்க வருகிறாயா?" என்று கேட்டார். பாலைவனத்தில் இருபது நாள் கிடந்தவனிடம் இதைக் கேட்கவே வேண்டியதில்லை.

அவருடையது பெரிய பிக்கப் டிரக். பொட்டுத் தூசி இருக்காது. கிலா பெண்ட் என்ற சின்ன ஊரை நெருங்கும்போது வெயில் கண்ணைக் கூசியது. "நடுப் பெட்டியில் இன்னொரு கறுப்புக் கண்ணாடி இருக்கும், எடுத்துக்கோ" என்றார். இரண்டு சீட்டுக்கும் நடுவே கை வைக்கிற பெட்டி. மூடியைத் தூக்கினேன். கண்ணாடி இருந்தது. அதன் பக்கத்தில், டிஷ்யூ பாக்கெட்டுக்கும் போன் சார்ஜர் வயருக்கும் நடுவில், கைத்துப்பாக்கியும் இருந்தது.

நான் மூடிய வேகத்தில் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தார். "ஓ, அதுவா" என்றார். அவ்வளவுதான்.

"தோட்டா இருக்கா?"

"இல்லாவிட்டால் அது வெறும் இரும்புத்துண்டு."

கிலா பெண்டில் பெட்ரோல் போட நிறுத்தினார். எனக்காக ஏசியை ஓடவிட்டு, சாவியையும் விட்டுவிட்டு, காபி வாங்க உள்ளே போனார். வண்டிக்குள் நானும் அந்தப் பெட்டியும் மட்டும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. தார்ச்சூடு சப்பாத்துக்குள் ஏறியது. நிழல் பம்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் அங்கே போய் நின்றால் வண்டி என் பார்வையில் இல்லாமல் போய்விடும், யாராவது எடுத்துப்போனால் என்ன செய்வது என்று வெயிலிலேயே நின்றேன். தொடவும் பயம், விட்டுப்போகவும் பயம். அவர் இரண்டு காபியோடு வந்து, "ஏசி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

அண்ணன் கதையைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். அவர் வண்டியை எடுக்காமல் முழுசாகக் கேட்டார். "நாலு பேரையுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். தூக்கு, பிரம்படி என்று நான் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் சொல்லித்தான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. அரிசோனாவில் 2010-லிருந்து, இருபத்தொரு வயதானவர் தோட்டா போட்ட துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக அனுமதிச்சீட்டு தேவையில்லை. வண்டியிலும் அப்படித்தான். போலீஸ்காரர் நிறுத்தி, ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. "எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஸ்பேர் டயர் எதற்கு?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அவருடைய வண்டியில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

கிலா பெண்டைத் தாண்டிய பிறகு நெடுஞ்சாலை எட்டு நூல் பிடித்ததுபோல நேராகப் போகிறது. வேக வரம்பு மணிக்கு 75 மைல். அவர் எண்பத்தெட்டில் போனார். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூத்தவர் ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் விரித்து வைத்தார். "நீயும் கையை டாஷ்போர்டில் வை. எதையும் எடுக்காதே" என்றார். அதிகாரி என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே மூத்தவர், "ஐயா, நடுப் பெட்டியில் கைத்துப்பாக்கி இருக்கிறது, தோட்டா போட்டது. நான் தொடப்போவதில்லை" என்றார். அதிகாரி, "நீங்கள் அதைத் தொடவேண்டாம், நானும் என்னுடையதைத் தொடமாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். லைசன்சைப் பார்த்தார். எச்சரிக்கைச் சீட்டு ஒன்று கொடுத்தார். என்னிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். மலேசியா என்றேன். அங்கேயும் இப்படிச் சூடு அடிக்குமா என்று கேட்டார். மொத்தம் ஆறு நிமிடம். டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்தபோது அதில் என் விரல்கள் ஐந்தும் ஈரமாகப் பதிந்திருந்தன.

யூமாவில், கலிஃபோர்னியா எல்லைக்கு முன்னால், மூத்தவர் ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தினார். துப்பாக்கியை எடுத்தார். மகசினைக் கழற்றினார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார், அறையில் இருந்த தோட்டா துள்ளி அவர் உள்ளங்கையில் விழுந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். துப்பாக்கியைப் பூட்டுப்போட்ட பெட்டியில் வைத்தார். தோட்டாக்கள் வேறு பைக்குப் போயின. பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மகசின்களை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். ஆலையில் ஷிப்டு மாறும்போது இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுவோமே, அதே ஒழுங்கு. "ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே பெட்டியில் இப்படியே இருந்தால் என்னைக் கைது செய்யலாம்" என்றார். ஆறு என்று அவர் சொன்னது கொலராடோ. பெரிதாகப் பெயர் பெற்ற ஆறு, அந்த இடத்தில் நம்மூர் சுங்கை மூடா அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

ஆற்றைத் தாண்டியதும் கலிஃபோர்னியாவின் விவசாயச் சோதனைச் சாவடி. துப்பாக்கி பற்றி யாரும் கேட்கவில்லை. பழம், செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். சாண்ட்லர் இந்தியக் கடையில் வாங்கிய கருவேப்பிலை ஒரு கட்டு என் பையில் இருந்தது, வாரக்கடைசிக்கு ரசம் வைக்கலாம் என்று. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி கருவேப்பிலையிலும் குடியிருக்குமாம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூத்தவர் பத்து மைல்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு ராத்திரி மகள் வீட்டு சோபாவில் தூக்கம் வரவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு சட்டங்களைத் தேட ஆரம்பித்தேன். எஞ்ஜினியருக்கு முதலில் வரும் கேள்வி எதுவோ அதுதான் எனக்கும் வந்தது. 'தோட்டா போட்ட துப்பாக்கி' என்றால் என்ன? பார்த்தால், ஊருக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில், சுடும் நிலையில் தோட்டா இருந்தால் அது 'போட்ட' துப்பாக்கி. கைத்துப்பாக்கி என்றால், எந்தப் பாகத்தையாவது ஒரே ஒருமுறை கையால் இயக்கினால் வெடித்துவிடுமா என்றும் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவிலோ ஒரே மாநிலத்துக்குள் இரண்டு விளக்கம். வேட்டைச் சட்டப்படி, நெடுஞ்சாலையில் நிற்கும் வண்டிக்குள் இருக்கும் ரைஃபிளின் அறையில் தோட்டா இருந்தால்தான் குற்றம், மகசினில் மட்டும் இருந்தால் இல்லை. குற்றவியல் சட்டப்படி மகசினில் இருந்தாலும் குற்றம்தான். காருக்குள் உட்கார்ந்தபடி மானைச் சுடுகிறவனைப் பிடிக்க எழுதிய சட்டம் ஒன்று, மனிதனை மனதில் வைத்து எழுதிய சட்டம் இன்னொன்று.

அந்த இரண்டாவது சட்டத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1966-இல் ஓக்லண்டில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர்கள் துப்பாக்கிகளோடு காரில் போலீசைப் பின்தொடர்ந்தார்கள். போலீஸ் ஒரு கறுப்பரை நிறுத்தினால், சட்டம் சொல்லும் தூரத்தில் இவர்களும் இறங்கி நின்று பார்ப்பார்கள். பொது இடத்தில் துப்பாக்கியை வெளிப்படையாக வைத்திருப்பதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. 1967 மே 2 அன்று அவர்கள் சாக்ரமெண்டோ சட்டமன்றத்துக்குள்ளேயே துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். சில மாதங்களில் மல்ஃபோர்ட் சட்டம் நிறைவேறியது. பொது இடத்திலும் பொதுச் சாலையில் போகும் வண்டியிலும் தோட்டா போட்ட துப்பாக்கிக்குத் தடை. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். 1986-இல், மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களைக் காப்பாற்றும் கூட்டரசுச் சட்டம் வந்தபோது ரீகன் அதிபராக இருந்தார். தோட்டாவை நீக்கி, கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தால் நடுவில் இருக்கும் மாநிலங்களைக் கடந்து போகலாம் என்கிறது அது. டாஷ்போர்டு அறையும் நடுப் பெட்டியும் பூட்டிய பெட்டியாகக் கணக்கில் வராது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடி ஞாபகம் வந்தது.

அதே தேடலில் ஃபிலாண்டோ காஸ்டில் வந்தார். முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட உணவகத்தில் வேலை. 2016 ஜூலை 6, மினசோட்டா மாநிலம், ஃபால்கன் ஹைட்ஸ். பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். அவரிடம் துப்பாக்கி அனுமதிச்சீட்டு இருந்தது. கேட்பதற்கு முன்பே, ஐயா, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். மூத்தவர் சொன்ன அதே வாக்கியம்தான். அதிகாரி ஏழு முறை சுட்டார். முன்சீட்டில் காதலி, பின்சீட்டில் அவளுடைய நான்கு வயது மகள். அடுத்த ஆண்டு ஜூனில் அதிகாரி குற்றவாளி இல்லை என்று ஜூரி சொன்னது. காஸ்டில் கறுப்பர். அந்த வீடியோவை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். டாஷ்போர்டில் பதிந்திருந்த என் ஐந்து விரல்களும் கண்முன் வந்துவிட்டன.

எனக்கென்று ஒரு பிரிவும் இருந்தது. தற்காலிக விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டவர், வேட்டை லைசன்ஸ் மாதிரியான சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுக் குற்றம். 'வைத்திருப்பது' என்றால் கையில் பிடிப்பது மட்டுமில்லை. அது அங்கே இருப்பது தெரிந்து, அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கும் வாய்ப்பும் எண்ணமும் இருந்தாலும் வைத்திருப்பதாகவே கொள்ளலாம். எண்ணம் எனக்கு இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் சாவி வண்டியில் இருந்தது, பெட்டி என் முழங்கைக்கு அடியில் இருந்தது, தெரிந்தும் இருந்தது. 'தெரிந்து' என்ற அந்த ஒரு சொல்லிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

நம்மூரில் இது இன்னும் பழைய பயம். எங்கள் பாட்டி கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர். "அவசரகாலத்துல ஒத்தத் தோட்டா ஊட்ல இருந்தாலும் தூக்குதாண்டா" என்பார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்திருக்கிறேன். இல்லை. மலாயாவின் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டது, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்குத்தான். மார்ச் மாதம் கைதானவரின் கதை இரண்டே மாதத்தில் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தக் கயிறு இருந்தது. 1977-இல் பினாங்கில், கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு கருணை காட்டி அவனை ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கட்டாய மரண தண்டனை நம் சட்டங்களிலிருந்து நீங்கியது 2023 ஜூலை 4 அன்று, நான் விமானம் ஏறியதற்கு முந்தைய மாதம்.

இவ்வளவு பயத்தால்தான் நம் ரோட்டில் நிம்மதியாகப் போகிறோம் என்று சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். நானும் கொஞ்சம் அந்தக் கட்சிதான். மூத்தவர் நல்ல மனிதர், அவருடைய ஒழுங்கை நம்புகிறேன். ஆனாலும் கூலிம் நெடுஞ்சாலையில் குறுக்கே வெட்டிப் போகும் ஒவ்வொருவனுடைய நடுப் பெட்டியிலும் ஒன்று இருப்பதாக நினைத்துப் பார்த்தால் எனக்கு வேர்க்கிறது. அதே சமயம், பெரியம்மா பணப்பையோடு கோர்ட்டு வாசலில் நின்றதும் இதே நிம்மதியின் விலையில்தான் வருகிறது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடற்கரையிலிருந்து அண்ணனுக்கு வாட்சாப்பில் கூப்பிட்டேன். அங்கே ராத்திரி. கடலைக் காட்டினேன். பேச்சுவாக்கில்தான் சொல்ல நினைத்தேன், வரவில்லை, போட்டு உடைத்துவிட்டேன்.

"அண்ணே, நான் வந்த வண்டியில துப்பாக்கி இருந்துச்சு. லோடு பண்ணது."

திரையில் அவர் முகம் அசையவில்லை. லைன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

"நீ எப்போ பாத்த?"

"பாதி வழியில."

"எறங்குனியா?"

"பெட்ரோல் ஸ்டேஷன்ல எறங்கி வெயில்ல நின்னேன். அப்புறம் திருப்பி ஏறிட்டேன். அங்க அது சட்டப்படி சரிதான்னு சொன்னாங்க."

அண்ணன் ஏதோ சொல்லவந்து நிறுத்தினார். பின்னால் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இருட்டில் முகம் தெரியவில்லை.

"எனக்குக் கால்ல இடிச்சுச்சுடா" என்றார். "பின்னாடி உக்காந்திருந்தேன்ல. துண்டு. என்னான்னு கால வச்சுத் தள்ளிப் பாத்தேன். கனமா இருந்துச்சு. வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்னு நெனச்சேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிறாத."

"இல்லண்ணே."

"வக்கீல்கிட்டகூட சொல்லல."

நவம்பரில் ஊருக்கு வந்தேன். பினாங்கு விமான நிலையத்துக்கு அண்ணன்தான் தன் மைவியில் வந்திருந்தார். பெட்டியைப் பின்னால் ஏற்றினோம். மூத்தவர் எனக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அவருக்குக் கொடுத்தேன், போட்டுப் பார்த்துக்கொண்டார். டிரைவர் கதவைத் திறந்தார். அவருடைய சொந்தக் கார், அவரே பூட்டிச் சாவியைப் பையில் வைத்திருந்த கார். குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். நானும் என் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தேன். பழைய டோல் ரசீது ஒன்றும் பிள்ளையின் ஒற்றைக் காலுறையும் கையில் வந்தன.